சாயத்தில் பிறந்த படம்

பருத்தி லேசில் சாயம் ஏற்காத நூல். கடுக்காய், படிகாரம் என்று எதையாவது ஊட்டி நூலைப் பதப்படுத்திய பிறகுதான் வண்ணம் நிற்கும் என்பது நம் சாயப்பட்டறைக்காரர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த விஷயம். 1883-இல் ஜெர்மனியில் பால் பெட்டிகர் என்ற இளம் வேதியியலாளர் கண்டுபிடித்த சிவப்புச் சாயத்துக்கு இந்த முன்வேலை எதுவும் வேண்டியிருக்கவில்லை. தண்ணீரில் கரைத்துத் துணியை முக்கினால் பிடித்துக்கொண்டது. பேயர் போன்ற பெரிய கம்பெனிகள் அதை வாங்க முன்வரவில்லை, அக்ஃபா வாங்கியது. ஆப்பிரிக்காவைப் பங்குபோட ஐரோப்பிய நாடுகள் பெர்லினில் மாநாடு கூட்டிய நேரம் அது. எங்கும் காங்கோ பேச்சாக இருந்ததால் விற்பனைக்கு உதவும் என்று சாயத்துக்குக் ‘காங்கோ சிவப்பு’ என்று பெயரிட்டார்கள்.

உயிரோடு நம் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மூளையில் அல்சைமர் படிவு இருக்கிறதா என்று இன்று பெட் ஸ்கேனில் பார்க்கிறார்கள். அந்தப் படத்தின் மூலவேர் இந்தச் சாயத்தொட்டிக்குள் இருக்கிறது.

சில நோயாளிகளின் உறுப்புகளில் மெழுகு போன்ற ஒரு பொருள் படிவதை 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். ருடால்ஃப் ஃபிர்ஹோ 1854-இல் அப்படிப்பட்ட திசுவில் அயோடின் விட்டுப் பார்த்தார். மாவுப்பொருளில் அயோடின் பட்டால் நிறம் மாறுவது போலவே மாறியது. எனவே ‘மாவு போன்றது’ என்ற பொருளில் அமிலாய்டு என்றார். அது மாவே இல்லை, புரதம் என்று சில ஆண்டுகளில் தெரிந்தும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1922-இல் ஹெர்மன் பென்ஹோல்ட் என்ற மருத்துவர் காங்கோ சிவப்பை நோயாளிகளின் ரத்தத்தில் ஏற்றினார். அமிலாய்டு நோய் உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து சாயம் வேகமாகக் காணாமல் போனது. அது போய் ஒட்டிய இடம் அமிலாய்டு. பருத்தி இழையைப் பிடித்த அதே சாயம், உடம்புக்குள் புரத இழையையும் பிடித்தது. உயிருள்ள உடம்புக்குள் படிவைத் தேடச் சாயத்தை ஆள் அனுப்பலாம் என்ற எண்ணம் அப்போதே முளைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மூளைக்குள் அதைச் செய்து காட்ட இன்னும் 80 ஆண்டு பிடித்தது.

மூளையின் கதை தனியாக நடந்துகொண்டிருந்தது. 1901 நவம்பரில் ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயது அகுஸ்தே தேட்டர் சேர்க்கப்பட்டார். டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதிலை வரி வரியாக எழுதினார். பெயர் கேட்டதற்கு அகுஸ்தே என்றார் அந்த அம்மாள். கணவர் பெயர் கேட்டதற்கும் அகுஸ்தே என்றார். பன்றியிறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, கீரை என்றார். 1906 ஏப்ரலில் அவர் இறந்ததும், அதற்குள் மூனிக் போயிருந்த அல்சைமர் மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்பால் நிறமேற்றி நுண்ணோக்கியில் வைத்தார். நரம்பணுக்களுக்குள் நூல் சிக்கியது போன்ற இழைகள். அணுக்களுக்கு வெளியே சிறு சிறு படிவுகள். 1906 நவம்பர் 3-ஆம் தேதி ட்யூபிங்கனில் மருத்துவர்கள் கூட்டத்தில் இதை விவரித்தார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தப் படிவு அமிலாய்டுதான் என்று பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் திவ்ரி 1927-இல் காட்டினார். அவர் கையில் இருந்ததும் காங்கோ சிவப்புதான்.

இங்கே வந்து கதை நின்றுபோனது. நோயின் அடையாளம் தெரியும். ஆனால் அதைப் பார்க்க மண்டையோட்டைத் திறக்க வேண்டும், அதாவது பெரும்பாலும் நோயாளி இறந்திருக்க வேண்டும். 1984-இல் அமெரிக்க நரம்பியலாளர்கள் வகுத்த விதிமுறையிலும், உயிரோடு இருப்பவருக்கு ‘அல்சைமராக இருக்கக்கூடும்’ என்றுதான் பொதுவாக எழுத முடிந்தது. ‘உறுதி’ என்ற சொல்லுக்குத் திசுவின் சாட்சி வேண்டும். பத்தாண்டு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட குடும்பத்துக்கு, நோயின் பெயர் ஈமச்சடங்குக்குப் பிறகே கிடைக்கும். அதுவும் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதித்தால். ஏறக்குறைய நூறு ஆண்டு இந்த நிலையிலேயே கழிந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

இடையில் கருவிகள் வந்தன. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டன் விம்பிள்டனில் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைச் சி.டி. படம் எடுத்தது. பின்னர் வந்த எம்.ஆர்.ஐ., நினைவுகளைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற கடற்குதிரை வடிவப் பகுதி சுருங்குவதைத் தெளிவாகக் காட்டியது. 1976-இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் சர்க்கரையோடு கதிரியக்க ஃபுளூரினைச் சேர்த்து, கதிர் தீர்வதற்குள் விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோய் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையை உண்கிறது, எது பட்டினி கிடக்கிறது என்று தெரிந்தது. அல்சைமர் நோயாளிகளுக்குப் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் சில பகுதிகள் மங்கித் தெரிந்தன. இவை பெரிய உதவிதான். ஆனாலும் சுருக்கமும் மங்கலும் வேறு நோய்களிலும் வரும். அல்சைமர் நுண்ணோக்கியில் கண்ட படிவு உயிருள்ள மூளையில் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளங்க் என்ற மனநல மருத்துவர் 1980-களில் பழைய காங்கோ சிவப்பைக் கையில் எடுத்தார். கண்ணாடிச் சில்லில் படிவைப் பிடிக்கும் சாயம், உயிருள்ள மூளையில் ஏன் பிடிக்கக்கூடாது? கேள்வி எளிது. வழியில் நின்றது மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர். அந்தச் சுவர் கறாரான காவல்காரன். பெரிய மூலக்கூறையும் மின்னூட்டம் கொண்ட மூலக்கூறையும் உள்ளே விடாது. காங்கோ சிவப்பு இரண்டுமாக இருந்தது: உருவம் பெரிது, எதிர்மின்னூட்டமும் சுமந்தது. அதன் உறவான கிரிசமைன்-ஜி என்ற சாயத்தை எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். படிவில் ஒட்டியது, மூளைக்குள் போதுமான அளவு போகவில்லை. செஸ்டர் மாத்திஸ் என்ற கதிரியக்க வேதியியலாளர் கிளங்கோடு சேர்ந்தார். நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைச் செய்து சோதித்தார்கள். ஆண்டுகள் ஓடின.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது என்ன பெரிய சிக்கல் என்று தோன்றலாம். அந்த மூலக்கூறிடம் அவர்கள் எதிர்பார்த்ததை ஒன்றொன்றாக எண்ணிப் பாருங்கள். ஊசி போட்ட சில நிமிடங்களில் மூளைக்குள் நுழைய வேண்டும். படிவைக் கண்டால் பிடித்துக்கொள்ள வேண்டும். படிவு இல்லாத இடத்தில் தங்காமல் வந்த வேகத்தில் வெளியேற வேண்டும். இல்லையென்றால் மூளை முழுவதும் ஒரே வெளிச்சமாகி, படம் எதையும் சொல்லாது. இத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் அதில் பொருத்திய கதிரியக்கக் கார்பன்-11, 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். பிடிப்பு உறுதியாக இருக்க வேண்டும், நடை லேசாகவும் இருக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைந்தது.

வழி திறந்தது இன்னொரு சாயத்தில். தயோஃபிளேவின்-டி என்பது மஞ்சள் நிறச் சாயம். ஆய்வகங்களில் அமிலாய்டை ஒளிரவைக்கப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்தது. காங்கோ சிவப்பைவிட மிகச் சிறியது. குறை, நேர்மின்னூட்டம். பிட்ஸ்பர்க்காரர்கள் அதன் நைட்ரஜனோடு ஒட்டியிருந்த ஒரு மெதைல் குழுவைக் கழற்றினார்கள், மின்னூட்டம் போய்விட்டது. காவல்காரன் வழிவிட்டான். படிவைப் பிடிக்கும் குணம் கெடவில்லை, வலுத்தே இருந்தது. கிளங்கும் மாத்திஸும் சாயத்தைச் சாயமாக்கிய பண்பையெல்லாம் உரித்துவிட்டு, பிடிக்கும் குணத்தை மட்டும் மிச்சம் வைத்தார்கள் என்று சொல்லலாம்.

மனிதரிடம் சோதிக்க வேண்டிய கட்டம் வந்தது. அமெரிக்காவில் அனுமதி பெற நீண்ட நச்சுத்தன்மைச் சோதனைகள் தேவைப்பட்டன. செலுத்தப்போவது மைக்ரோகிராம் கணக்கில். இத்தனை சிறிய அளவுக்கு ஸ்வீடனின் விதிகள் இடம் கொடுத்தன. உப்சாலா பல்கலைக்கழகத்தில் பெங்ட் லோங்ஸ்ட்ரெம் நடத்திய பெட் மையம் இந்தக் கலையில் பேர்பெற்றது. பிட்ஸ்பர்க் மூலக்கூறு அங்கே போனது. ‘பிட்ஸ்பர்க் காம்பவுண்ட்-பி’ என்று பெயரிட்டவர்கள் உப்சாலாக்காரர்களே. சுருக்கமாகப் ‘பிப்’ என்பார்கள்.

அங்கே அந்த ஆய்வை முன்னின்று நடத்திய மருத்துவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. ஹென்றி எங்லர், தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டுக்காரர். மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் துப்பாமாரோஸ் என்ற ஆயுதமேந்திய இயக்கத்தில் சேர்ந்தார். 1972-இல் பிடிபட்டார். ராணுவ ஆட்சி பிணையாக வைத்திருந்த ஒன்பது பேரில் ஒருவராகி, படைமுகாம் படைமுகாமாக மாற்றப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தனிமைச் சிறையில் கிடந்தார். பிற்காலத்தில் அந்நாட்டின் அதிபரான ஹோசே முஹிகா அந்த ஒன்பதில் இன்னொருவர். தனிமையில் எங்லரின் மனம் பிறழ்ந்தது. குரல்கள் கேட்டன, பிரமைகள் சூழ்ந்தன. 1985-இல் விடுதலையாகி ஸ்வீடன் போய், விட்ட படிப்பை முடித்தார். தன் மனமே தன்னைவிட்டு நழுவிப்போவதை உள்ளிருந்து பார்த்த ஒருவர், மூளை நழுவிப்போகும் நோயின் முகத்தை முதலில் கண்டவர்களில் ஒருவரானார். கற்பனைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

2002 பிப்ரவரியில் உப்சாலாவில் முதல் அல்சைமர் நோயாளிக்குப் பிப் செலுத்தப்பட்டது. ஸ்கேனர் வளையத்துக்குள் நடந்தது இதுதான்: கார்பன்-11 சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளிவரும், அது பக்கத்து எலக்ட்ரானோடு மோதி அழியும்போது இரண்டு காமா கதிர்கள் நேரெதிர்த் திசையில் பாயும், வளையத்தின் இரு பக்கமும் ஒரே கணத்தில் பதிவானால், அந்த இரு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டில் எங்கோ மூலக்கூறு இருக்கிறது. லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்தால் படம். முன்மூளையிலும் பக்கங்களிலும் பிப் தங்கி நின்றது. ஆரோக்கியமானவர்களின் மூளையில் நுழைந்து அப்படியே வடிந்துபோனது. அந்த ஜூலையில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அல்சைமர் மாநாட்டில் எங்லர் படங்களைக் காட்டினார். 16 நோயாளிகளையும் 9 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்ட கட்டுரை 2004-இல் வந்தது. நோயாளிகளின் முன்மூளையில் பிப் தங்கிய அளவு மற்றவர்களைப்போல 1.94 மடங்கு. ட்யூபிங்கனில் கேட்பாரில்லாமல் போன படிவு, 98 ஆண்டுக்குப் பிறகு உயிருள்ள மூளையில் எண்ணாகவும் நிறமாகவும் அச்சில் ஏறியது. அந்தச் சிவப்பும் மஞ்சளும் கணினி தீட்டும் நிறம். மூளைக்குள் எதுவும் சிவப்பாக எரிவதில்லை.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹோர்ஹே பாரியோ, கேரி ஸ்மால் குழுவினர் எஃப்.டி.டி.என்.பி. என்ற வேறொரு மூலக்கூறால் படிவையும் சிக்கையும் சேர்த்துக் காட்டும் படங்களை 2002-இலேயே வெளியிட்டார்கள். உலகம் பின்தொடர்ந்தது பிப்பை. காரணம் அதன் படத்தில் இருந்த தெளிவு.

20 நிமிட அரை ஆயுளோடு பிப் ஊர் தாண்ட முடியாது. கதிரியக்கக் கார்பனைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் கருவி உள்ள மருத்துவமனைக்குள்ளேயே பிறந்து அங்கேயே தீர வேண்டும். அரை ஆயுள் 110 நிமிடமுள்ள ஃபுளூரின்-18 பொருத்திய மூலக்கூறுகள் வந்த பிறகே இந்த முறை வண்டியேறி வேறு ஊர் மருத்துவமனைகளுக்குப் போனது. முதலாவதான ஃப்ளோர்பெட்டாபிருக்கு 2012 ஏப்ரலில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. படம் சொல்வது உண்மைதானா என்று நிரூபிக்க, வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் ஸ்கேனுக்கு இசைந்து, இறந்தபின் தங்கள் மூளையைத் தந்தார்கள். அப்படி 59 பேரின் மூளையை ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஒரு முக்கிய ஆய்வு முடிந்தது. அதனால் தங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தே தந்தவர்கள். இந்தக் கதையில் கைகூப்ப வேண்டிய இடம் இது.

இனி, கணிப்பு. ‘அல்சைமர் வருமா என்று ஸ்கேன் முன்கூட்டியே சொல்லிவிடும்’ என்று செய்திகளில் படிக்கிறோம். பாதி உண்மை. பரம்பரையாக இள வயதிலேயே நோய் வரும் குடும்பங்களை உலகெங்கும் ஆராய்ந்தவர்கள், அறிகுறி வரவேண்டிய வயதுக்கு 15 ஆண்டு முன்பே பிப் படத்தில் படிவைக் கண்டார்கள். ஆனால் பிட்ஸ்பர்க்கிலேயே நினைவாற்றல் குறையாத 43 முதியவர்களை ஸ்கேன் செய்தபோது 9 பேருக்குப் படிவு இருந்தது. நல்ல நினைவோடு இருப்பவர்களிலும் 50 வயதில் பத்தில் ஒருவருக்கும், 90 வயதில் நூற்றில் 44 பேருக்கும் அமிலாய்டு காணப்படுகிறது. படிவு வேறு, நோய் வேறு. படிவு உள்ளவருக்கு ஆபத்து கூடுதல் என்பது உண்மை. எப்போது என்று அந்தப் படம் சொல்லாது, வராமலே போகலாம் என்பதும் உண்மை.

இதற்கு மிகப் பெரிய சாட்சி கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப்பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்மணி. அங்கே ஒரே மரபணுப் பிழையைச் சுமக்கும் பெருங்குடும்பங்களை டாக்டர் பிரான்சிஸ்கோ லோப்பெரா பல பத்தாண்டுகள் வீடு வீடாகப் பின்தொடர்ந்தார். பிழை உள்ளவர்களுக்கு 28 வயதளவிலேயே படிவு தொடங்கி, நாற்பதுகளில் மறதி வந்துவிடும். இந்தப் பெண்மணிக்கும் அதே பிழை. ஆனால் எழுபதுகளில்தான் லேசான மறதி தொடங்கியது. பாஸ்டன் நகருக்கு அழைத்துப்போய் ஸ்கேன் செய்தார்கள். அவர் மூளையில் அமிலாய்டு குறைவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அந்தக் குடும்பத்தாரில் வேறு யாருக்கும் இல்லாத அளவுக்குக் குவிந்து கிடந்தது. டௌ என்ற புரதத்தின் சிக்குதான் குறைவாக இருந்தது. இன்னொரு அரிய மரபணு மாற்றம் அவரைக் காத்திருக்கிறது என்று 2019-இல் எழுதினார்கள். அமிலாய்டு படத்தை மட்டும் பார்த்து ஒருவர் ஜோசியம் சொல்லியிருந்தால், நன்றாக வாழ்ந்த முப்பது ஆண்டுகளை அவரிடமிருந்து பறித்திருப்பார். மறதி இல்லாதவர்கள் ஆசைக்காக இந்த ஸ்கேனை எடுத்துப் பார்க்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைப்பதற்கு இந்த அம்மாளே காரணம்.

மறதி வந்துவிட்டவர்களின் நிலை வேறு. அமெரிக்காவில் நோய் எது என்று தெளிவாகாத 11,409 பேரை அமிலாய்டு ஸ்கேனுக்கு அனுப்பிய ஆய்வு 2019-இல் வெளியானது. 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் கவனிப்பு முறையையே மாற்றினார்கள். அல்சைமர் என்று எண்ணிக்கொண்டிருந்த பலருக்கு அது இல்லை என்று தெரிந்தது. இல்லை என்று சொல்வதில்தான் இந்தப் படம் மிகவும் நம்பத் தகுந்தது: படிவே இல்லையென்றால் மறதிக்கு வேறு காரணத்தைத் தேடியாக வேண்டும். படிவைக் கரைக்கும் லெகனெமாப் மருந்துக்கு 2023-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதன் வித்தும் உப்சாலாவில் லார்ஸ் லான்ஃபெல்ட் நடத்திய ஆய்வில் விழுந்தது. 18 மாதத்தில் அது நோயின் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது, நிறுத்தவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரும் என்பதால், அதைக் கண்காணிக்க எம்.ஆர்.ஐ. மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். இப்போது ரத்தப் பரிசோதனையே படிவை ஊகிக்கும் நிலை வந்துவிட்டது. 2025 மே மாதம் அப்படி ஒன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தப் பரிசோதனைகளைச் சரிபார்த்த உரைகல், பெட் படம்.

எங்லர் உருகுவேக்குத் திரும்பினார். தன்னைச் சிறையில் வைத்த அதே நாட்டில், மொந்தெவிதெயோ நகரில், 2010-இல் திறக்கப்பட்ட மூலக்கூறுப் படவியல் மையத்தை உருவாக்கி வழிநடத்தினார்.

வீட்டில் ஒரு பெரியவர் சொன்னதையே திரும்பச் சொல்கிறார், பழகிய தெருவில் வழி தவறுகிறார் என்றால், ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். எடுத்த எடுப்பில் விலை உயர்ந்த ஸ்கேனுக்கும் ஓடாதீர்கள். பி-12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சாப்பிடுகிற மாத்திரைகள், கீழே விழுந்து சில வாரம் கழித்து மூளைமேல் தேங்கிய ரத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. ரத்தப் பரிசோதனையும் சாதாரண சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.யும் அவற்றைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் போதும். மருத்துவரிடம் போகும்போது, அந்தப் பெரியவரோடு தினமும் இருக்கிற ஒருவர் கூடவே போகட்டும். எது முதலில் மறந்தது, எப்போதிலிருந்து, என்ன கேட்டதற்கு என்ன சொன்னார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அல்சைமர் அகுஸ்தே அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் செய்ததும் அதுதான்.